செருப்பு போனாலும் பெட்டி இருக்கட்டும்: கீழக்கரைக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழைய செருப்புக்கடைப் பொருள் சேர்ப்பவர் யாரிடம் போனாலும் முதலில் காட்டுவது எனாமல் போர்டைத்தான். அது அழகான பொருள். சுவரில் மாட்டலாம், விற்றால் நல்ல விலை போகும். ஆனால் கம்பெனி ஒரே அச்சில் அடித்து ஊர் ஊராக அனுப்பிய போர்டு அது. மதுரையில் கிடைப்பதும் ராமநாதபுரத்தில் கிடைப்பதும் ஒன்றுதான். இந்தக் கடை, இந்த ஊரில், யாருக்கு எதை என்ன விலைக்கு விற்றது என்பது வேறு இடத்தில் இருக்கிறது: அட்டைப்பெட்டியின் ஓரத்தில், பென்சில் எழுத்தில். கடையைக் காலி செய்யும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவதும் அந்தப் பெட்டிதான்.

கீழக்கரையில் மூடப்பட்ட ஒரு செருப்பு, ஃபேன்சி கடையின் சரக்கை ஆவணப்படுத்திய விவரம் இது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி கடையின் பெயரும் தெருவும் இங்கே வராது. மற்றதை முழுதாக எழுதுகிறேன். இதே மாதிரிப் பரண்கள் தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம் என்று இந்தக் கரை நெடுக இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டும் இருக்கின்றன.

கடையும் ஊரும்

கீழக்கரை மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் ஊர். சங்கு, முத்து, ரத்தினக்கல் என்று பல தலைமுறையாகக் கடல் கடந்த வியாபாரம். இந்தக் கடலில் எடுத்த சங்கு, வளையல் அறுக்க வங்காளம் வரை போனது. ஆண்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனார்கள். 1970களுக்குப் பிறகு வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். ஊருக்கு வரும்போது பெட்டி நிறையச் சாமான் வரும். வந்த சாமானைப் பார்த்து, அதேபோல் இங்கே கிடைக்குமா என்று கடையில் கேட்பார்கள். அதனால்தான் நம் ஊர்ப் பக்கத்துக் கடை ஒன்றில் எதிர்பார்க்க முடியாத அளவுக்கு இங்கே ரகம் இருந்தது.

முன்பக்கம் ஷூவும் செருப்பும். கல்லாவுக்கு அடுத்த கண்ணாடி அலமாரியில் பெல்ட், பர்ஸ், லேடீஸ் ஹேண்ட்பேக், கூலிங் கிளாஸ், கைக்குட்டை, ஜிப்பாவுக்குப் போடும் சங்கிலிப் பொத்தான், தலை கிளிப், சீப்பு. பின்னால் மரப்படி ஏறினால் பரண். கடைக்காரர் இறந்த பிறகு பிள்ளைகள் வெளியூரில். கட்டடத்தை இடித்துக் கட்ட முடிவாகிவிட்டது. உள்ளே இருப்பது குப்பையா, வைக்க வேண்டியதா என்று பார்த்துச் சொல்லத்தான் அவர் மகள் என்னைக் கூப்பிட்டார்.

“வாப்பா எதையும் தூக்கிப் போட மாட்டாஹ. நாங்கதான் என்ன செய்யுறதுன்னு தெரியாம நிக்கிறோம்” என்றார்.

அதற்குள் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். எனாமல் போர்டு, தரையில் சாய்த்து வைக்கும் கண்ணாடி, ஷூ ஸ்டாண்டுகள் ஆகியவற்றுக்கு விலை சொல்லியிருந்தார். பெட்டிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் மேல் குறை இல்லை, வாங்குகிறவர்கள் அவரிடம் கேட்பது அதைத்தான். சட்டப்படியும் தடை கிடையாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள்களுக்குத்தான், இந்தக் கடையில் அந்த வயதுச் சரக்கு எதுவும் இல்லை. போர்டை விற்பதா வேண்டாமா என்பதை நாங்கள் கடைசிக்குத் தள்ளினோம். முதலில் கடை எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவாக வேண்டும்.

வரிசையைக் கலைக்காமல்

கடையில் நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர் இன்னும் ஊரில் இருக்கிறார். எல்லோரும் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. அவர் வந்து நின்றதும் சொன்ன முதல் வார்த்தை: “அந்த வரிசையைக் கலைச்சுராதீங்க தம்பி. கலைச்சா அப்புறம் எனக்கே தெரியாது.”

அவர் சொன்னதுதான் இந்த வேலையின் முறையாக ஆனது. ஒவ்வொரு தட்டையும் நேராக நின்று படம் எடுத்தோம். பெட்டிகளுக்குத் தட்டு எண், இடமிருந்து எத்தனையாவது, அடியிலிருந்து எத்தனையாவது என்று எண் கொடுத்தோம். எண்ணைப் பெட்டியில் எழுதவில்லை, பருத்தி நூலில் கோத்த சீட்டில் எழுதிக் கட்டினோம். ஒட்டும் லேபிள், செல்லோ டேப், ரப்பர் பேண்டு எதையும் பெட்டியில் படவிடக் கூடாது. டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி அட்டைக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது.

அந்த வரிசைக்கு ஒரு கணக்கு இருந்தது. குழந்தைகள் செருப்பு கீழ்த்தட்டில், கைக்கு எட்டும் உயரத்தில் 6 முதல் 9 வரை ஆண்கள் சைஸ், ஓடாத சரக்கு மேலே. வலது மூலை மேல்தட்டு முழுக்கக் கல்யாணச் சரக்கு. பெட்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு போயிருந்தால் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

காலம் கணித்த விதம்

செருப்புப் பெட்டியில் தேதி போடும் வழக்கம் பழைய காலத்தில் பெரும்பாலும் இல்லை. ஆனால் நாட்டில் நடந்த மாற்றங்கள் பெட்டியில் தடம் விட்டிருக்கும். நான் பார்ப்பது இவற்றைத்தான்.

விலை ‘ந.பை.’ என்று நயா பைசாவில் இருந்தால் அந்தப் பெட்டி 1957 ஏப்ரலுக்கும் 1964-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. 1964 ஜூன் முதல் ‘நயா’ போய்விட்டது. மொத்த வியாபாரியின் முகவரியில் ‘மதராஸ் ஸ்டேட்’ என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன் அச்சடித்தது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். ‘சிலோன்’ என்பது ஸ்ரீலங்கா ஆனதும் அதே 1972-இல்தான், மே மாதம். பொட்டலத்தின் மேல் விலை, மாதம், வருஷம் அச்சடிக்கச் சொல்லும் விதிகள் 1977-இல் வந்தன. ‘உள்ளூர் வரி தனி’ என்ற வரி போய், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை என்று வந்தது 1990 வாக்கில். மெட்ராஸ் சென்னையானது 1996, கல்கத்தா கொல்கத்தாவானது 2001.

இவற்றில் பெரும்பாலானவை ஒரு பக்க எல்லையைத்தான் சொல்லும் என்பதை மறக்கக் கூடாது. பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு என்பது நிச்சயம். இல்லாவிட்டால் அதற்கு முன் என்று அடித்துச் சொல்ல முடியாது, அச்சடித்த லேபிளைத் தீரும்வரை ஒட்டுவதுதான் வியாபாரிகள் வழக்கம். பழைய பொருள் விற்பனையில் இந்த இடத்தில்தான் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள்.

கம்பெனிப் பெயரை வைத்துக் காலம் சொல்வதும் ஓரளவுக்குத்தான் உதவும். பாட்டா 1894-இல் இன்றைய செக் நாட்டின் ஸ்லீன் நகரத்தில் தொடங்கியது. 1930களில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாட்டாநகர் என்று ஊரையே உருவாக்கியது. பாட்டா பெட்டி என்றால் அதன் பிறகு எந்தப் பத்தாண்டாகவும் இருக்கலாம். கோட்டயத்தின் பாரகன் 1975, கர்னாலின் லிபர்ட்டி 1954 என்று தொடக்க ஆண்டு தெரிந்தால் கீழ் எல்லை கிடைக்கும், அவ்வளவுதான்.

சிலோன் லேபிள் ஒட்டிய சில பொருள்கள் அலமாரியில் இருந்தன. 1914 முதல் சென்னையிலிருந்து பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று போட் மெயில் வழி இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போனது. அந்த வழியில் வந்த சாமானாக இருக்கலாம் என்று ஆசையாகச் சொல்லத் தோன்றும். பில்லோ, ரசீதோ கிடைக்காத வரை பதிவேட்டில் ‘சிலோன் லேபிள்’ என்று மட்டுமே எழுதினோம்.

பென்சில் எழுத்து

ஒரு பெட்டியைக் கிட்டத்தில் பார்ப்போம். கான்வாஸ் ஷூ, வெளிறிய வைக்கோல் அட்டை, நாலு மூலையிலும் கம்பிப் பின். முகப்பில் வலது ஓரம் 7 என்று சைஸ். அதன் கீழே 18.95 என்று விற்கும் விலை. 95 காசில் முடிவதைப் பாட்டா விலை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பழக்கத்தில் வேறு கம்பெனிச் சரக்குக்கும் இவரே அப்படி விலை போட்டிருக்கிறார். இடது ஓரத்தில் சின்னதாக, அழுத்தாமல் எழுதிய இரண்டு எழுத்து: ௧௪. இந்தக் காலத்தில் பார்ப்பவர் ‘கச’ என்று படிப்பார், யாரோ ஒருவர் பெயரின் முதலெழுத்து என்று நினைப்பார். அது தமிழ் எண், பதினாலு. பதினாலு ரூபாய்க்கு வாங்கியது.

வாங்கிய விலையை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி, ஆனால் புரியாதபடி எழுதி வைப்பது பழைய வியாபாரிகளின் வழக்கம். பேரம் பேசும்போது எதுவரை இறங்கலாம் என்று பேரேட்டைப் புரட்டாமல் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். சிலர் பத்து எழுத்துச் சொல் ஒன்றை ரகசியமாக வைத்துக்கொண்டு எழுத்துக்கு ஓர் எண் என்று எழுதுவார்கள். இவர் தமிழ் எண்ணை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் அது போய்விட்டதால் இளம் வயதுக்காரர்களுக்குப் புரியாது, அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. கொள்முதல் பில் கட்டோடு ஒப்பிட்டோம். பில் கிடைத்த பெட்டிகளில் விலை சரியாகப் பொருந்தியது.

அடுத்தது பெட்டியின் அடியில். வரிசையாகச் சின்னக் கோடுகள். சிலவற்றில் ஒன்றிரண்டு, சிலவற்றில் அடிப்பக்கம் முழுக்க. காக்காவிடம் காட்டினேன்.

“அது வருஷக் கணக்கு தம்பி. நோன்பு பொறக்க முந்தி சரக்கு எண்ணுவோம். விக்காம நிக்கிற பெட்டிக்கு ஒரு கோடு. அஞ்சு கோட்டுக்கு மேல போனா மேல்தட்டுக்கு ஏத்திருவோம்.”

இதை அவர் சொல்லாமல் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. வாங்கிய தேதி பில்லில் இருக்கிறது, எத்தனை வருஷம் விற்காமல் கிடந்தது என்பது கோட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் எந்த வருஷம் எந்த மாடல் ஊருக்குப் பிடிக்காமல் போனது என்று சொல்லிவிடலாம். நோன்பை வைத்து எண்ணியதால் இது ஹிஜ்ரிக் கணக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு, அதாவது 33 கோடு ஏறக்குறைய 32 வருஷம். ஐந்தாறு கோட்டுக்கு வித்தியாசம் தெரியாது. முப்பது கோட்டுப் பெட்டிக்கு ஒரு வருஷம் தள்ளிப்போகும். அப்படிப்பட்ட பெட்டிகளும் அந்த மேல்தட்டில் இருந்தன. முன்பக்கம் கூராக முடியும் ஆண்கள் ஷூ, பெரும்பாலும் பெரிய சைஸ். எந்த நாட்டிலிருந்து வந்த யாரைப் பார்த்து அதை வாங்கிப் போட்டாரோ!

கல்யாணச் சரக்குப் பெட்டிகளில் மூடியின் உட்பக்கம் வேறு எழுத்து. அரபு எழுத்தில் எழுதிய தமிழ். அரபுத் தமிழ் இந்த ஊருக்குப் புதிதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அதில் நூல்கள் எழுதியவர். பெரிய தலைமுறைப் பெண்கள் பலருக்கு அது படிக்கத் தெரியும். கடைக்காரரின் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். எந்த வீட்டுக் கல்யாணம், மாப்பிள்ளையின் சைஸ், பெண் வீட்டில் யார் யாருக்கு எத்தனை ஜோடி. ஒன்றில் ‘பெருவிரல் பக்கம் அகலம், ஒரு சைஸ் கூட்டிக் கொடுக்கணும்’ என்று இருந்தது. வாசித்துவிட்டு அந்த வீட்டுக்காரர் யார் என்றும் சொல்லிச் சிரித்தார்.

இந்தக் குறிப்புகளில் உயிரோடு இருப்பவர்கள் பெயர் இருக்கிறது. எந்த வீட்டில் எவ்வளவு செலவழித்தார்கள் என்பது இருக்கிறது. பதிவேட்டில் பெயர்ப் பத்தியைத் தனித் தாளாக்கிக் குடும்பத்திடமே கொடுத்துவிட்டோம். வெளியில் காட்டும் படங்களில் பெயர் வரும் இடம் மறைக்கப்பட்டிருக்கிறது. சேகரிப்பவர்கள் இந்த விஷயத்தில் பொதுவாக அக்கறை காட்டுவதில்லை. காட்ட வேண்டும்.

அளவுகோல்

கடைக் காட்சிப் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது போர்டு இல்லை, கால் அளக்கும் மரக்கோல். பிடியும் நகரும் நாக்கும் பித்தளை. குதிகாலை ஒரு முனையில் வைத்து, நாக்கைப் பெருவிரல் வரை தள்ளி, எண்ணைப் படிக்க வேண்டும். கோலின் ஒரு பக்கம் இங்கிலீஷ் சைஸ். ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 8.5 மில்லிமீட்டர். மறுபக்கம் ஐரோப்பிய சைஸ். அதில் இடைவெளி சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இங்கிலீஷ் 8 என்பது 11 அங்குலம், ஐரோப்பிய 42 என்பது 28 சென்டிமீட்டர். கோலில் இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரே வரும். இந்த நீளம் ஷூ தைக்கும் அச்சுக்குரியது. காலின் நீளம் அதைவிடக் குறைவாக இருக்கும், விரலுக்கு முன் இடம் வேண்டுமே.

இந்தக் கோலில் 6-லிருந்து 9 வரை உள்ள எண்கள் தேய்ந்து மங்கிவிட்டன. மற்றவை புதிதாக இருக்கின்றன. கைக்கு எட்டும் தட்டில் எந்த சைஸ் இருந்ததோ, கோலில் தேய்ந்ததும் அதுதான். பித்தளையைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கிக் கொடுக்கிறேன் என்று ஒருவர் முன்வந்தார், வேண்டாம் என்றுவிட்டோம். பாலிஷ் போடும்போது எழுத்தும் சேர்ந்து தேயும்.

காலை வைக்கச் சரிவுப் பலகை பொருத்திய ஸ்டூல், ஒற்றை ஷூவைச் சாய்த்து நிறுத்தும் கம்பி ஸ்டாண்டுகள், ரசம் போன தரைக் கண்ணாடி ஆகியவையும் இருந்தன. ஸ்டாண்டுகள் நிறைய, ஒரே மாதிரி.

உப்பு

இந்தக் கரையில் பழைய பொருளுக்கு முதல் எதிரி பூச்சி இல்லை, உப்பு. சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அந்தக் காற்றில் வரும் உப்புத் துகள் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து எல்லாவற்றின் மேலும் படியும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் இரவில் அந்த அளவு சர்வசாதாரணம். ஆகவே மழையே படாமல் பரணில் இருந்த இரும்பும் ராத்திரிதோறும் உப்புத் தண்ணீரில் நனைகிறது, பகலில் காய்கிறது.

எனாமல் போர்டு என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடியை உருக்கிப் படியவைத்தது. கண்ணாடி துருப்பிடிக்காது. ஆணி ஓட்டையிலும் எங்காவது பட்டுத் தெறித்த இடத்திலும் இரும்பு வெளியே தெரியும். துரு அங்கே தொடங்கி, எனாமலுக்கு அடியில் பரவி, சுற்றியுள்ளதையும் பெயர்க்கும். மேலே துருவைச் சுரண்டி வார்னிஷ் அடித்தால் உப்பு உள்ளேயே பூட்டப்பட்டுவிடும். அதனால் முதலில் உப்பை எடுக்க வேண்டும். போர்டைச் சாய்த்து வைத்து, காய்ச்சி வடித்த நீரில் மென்மையான பிரஷால் திரும்பத் திரும்பக் கழுவினோம். ஒவ்வொரு தடவையும் வடிந்த நீரில் கொஞ்சம் எடுத்து, துளி நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பார்த்தோம். உப்பு இருந்தால் நீர் பால்போல் கலங்கும். முதல் நீர் வெள்ளையாகவே ஆனது. கலங்காத நீர் வந்த பிறகுதான் நிறுத்தி, நன்றாக உலர்த்தி, துரு இடங்களில் துருவை நிலைப்படுத்தும் டானிக் அமிலம் தடவி, மேலே பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினால் மெல்லிய பூச்சு. இதை அசிட்டோன் ஊற்றித் திரும்ப எடுத்துவிடலாம், அதனால்தான் தேர்ந்தெடுத்தது.

பெட்டிகளைக் கழுவ முடியாது. மென்பிரஷால் தூசி தட்டியதோடு சரி. பென்சில் பக்கத்தில் பிரஷையும் கொண்டுபோகவில்லை. வைக்கோல் அட்டை அமிலத்தன்மை கொண்டது, வயதாக ஆக முறுகலாகும். மூலைப் பின்கள் துருப்பிடித்து அட்டையை அரித்திருந்தன. முழுக்கக் கெட்டுப்போன பின்களை மட்டும் எடுத்துவிட்டு, அதே ஓட்டை வழியாகப் பருத்தி நூல் கோத்துக் கட்டினோம். மைதாப் பசை எங்கும் போடவில்லை. இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து.

பூச்சி இருந்த பெட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் இரவல் கொடுத்த ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தோம். எடுத்தவுடன் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் வெளியில் இருந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் பெட்டியின் மேலேயே படியும். அந்துருண்டை போடவே இல்லை. அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

முகர்ந்து பார்த்துப் பிரித்தது

ஃபேன்சி அலமாரிதான் சிக்கலான இடம். சீப்பு, கிளிப், வளையல், கூலிங் கிளாஸ் எல்லாம் பார்வைக்குப் பிளாஸ்டிக். ஆனால் அதில் நாலைந்து சாதி உண்டு, ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும். பிரிப்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, மூக்கு போதும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கினால் சூடத்தின் (கற்பூரத்தின்) வாசனை வந்தால் செல்லுலாய்டு. அதைச் சூடமும் நைட்ரோ செல்லுலோஸும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். காடி நெடி அடித்தால் செல்லுலோஸ் அசிட்டேட். வெந்நீரில் காட்டியதும் பினாயில் போல நெடி வந்தால் பேக்லைட்.

செல்லுலாய்டு கெட ஆரம்பித்தால் அமில ஆவி விடும். பக்கத்திலுள்ள உலோகம் பச்சை பூக்கும், அட்டை மஞ்சளாகும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். அலமாரியில் சங்கிலிப் பொத்தான்களில் சில மட்டும் ஏன் பச்சை படிந்திருக்கின்றன என்று முதலில் புரியவில்லை. தட்டுப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, அவை இருந்த இடம் சீப்புப் பெட்டிக்கு நேர் பக்கத்தில். செல்லுலாய்டுச் சாமான்களைக் காற்றோட்டமான தனிப் பெட்டிக்கு மாற்றி, அடுப்பும் மின்சாரப் பெட்டியும் இல்லாத பக்கமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிவிசி ஹேண்ட்பேக்குகள் பிசுபிசுவென்று ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெளியே வந்துவிடுகிறது, நிறுத்த வழியில்லை. பிரித்துத் தனித்தனியாகத் தொங்கவிட்டோம்.

அலமாரியின் அடித்தட்டில் ஓர் ஓலைக் கொட்டான் நிறையத் தலை கிளிப். கம்பெனிப் பெட்டி பிய்ந்துபோனதும் உள்ளூர்க் கொட்டானுக்கு மாறிய சரக்கு. பனைமரம் நிறைந்த இந்த மாவட்டத்தில் அட்டைப்பெட்டிக்கு முன்னால் பெட்டி என்றால் அதுதான். கொட்டானுக்கும் தனி எண் கொடுத்துப் பதிவு செய்தோம். அத்தனை பொருளிலும் நல்ல நிலையில் இருந்தது அது ஒன்றுதான்.

செருப்புகளின் கதி

பெட்டி நன்றாக இருக்க, உள்ளே இருந்த சரக்கில் கணிசமானது போய்விட்டது. பாலியூரிதேன் அடிப்பகுதி வைத்த ஷூக்கள் வெளியே எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தன. போடாமல் வைத்திருந்தாலும் அது காற்றின் ஈரத்தில் சிதையும், இந்தக் கரையின் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். தோல் செருப்புகளில் பாதிக்கு மேல் தாக்குப்பிடித்திருந்தன. பூஞ்சையைத் துடைத்து எடுத்தோம். எண்ணெயோ பாலிஷோ போடவில்லை, அது தூசியையும் பூஞ்சையையும் இன்னும் இழுக்கும். உதிர்ந்த ஷூக்களை நாலு பக்கமும் படமெடுத்து, உள்ளே இருந்த முத்திரை, சைஸ், தைத்த விதம் எழுதிக்கொண்டு, மேல்பகுதியை மட்டும் மல் துணியில் சுற்றி வைத்தோம். சேகரிப்பாளர் சிலர் பெட்டிக்கு மதிப்பு வர வேறு ஜோடியை உள்ளே வைத்து விற்பதுண்டு. அதைச் செய்யவே கூடாது. பெட்டி காலி என்றால் காலி என்று எழுத வேண்டும்.

முடிவும் இன்றைய நிலையும்

போர்டை விற்க வேண்டாம் என்று குடும்பம் முடிவெடுத்தது. ஒரே மாதிரியான ஷூ ஸ்டாண்டுகளில் ரகத்துக்கு இரண்டு வைத்துக்கொண்டு மீதியை அந்த வெளியூர் வியாபாரிக்கே கொடுத்தார்கள். வந்த பணத்தில் அமிலமற்ற அட்டையும் இரும்பு ரேக்கும் வாங்கியாயிற்று. பெட்டிகள் இப்போது மகள் வீட்டு மாடியில், கடல் பக்கம் ஜன்னல் இல்லாத நடு அறையில், பழைய தட்டு வரிசையிலேயே இருக்கின்றன. சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும் இருக்கின்றன. ஏசி போடவில்லை. பகலில் போட்டு இரவில் அணைத்தால் ஏற்ற இறக்கம் கூடி இன்னும் கேடுதான்.

செலவு செய்து பெட்டியை வைத்துக்கொண்டு என்ன பயன் என்று மகன்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காக்கா பதில் சொல்லவில்லை. ஒரு பெட்டியை எடுத்துக் கோட்டை எண்ணி, பில்லை எடுத்துக் காட்டி, அந்த வருஷம் பெருநாளைக்கு ஊரில் எந்தச் செருப்பு ஓடியது என்று சொல்ல ஆரம்பித்தார். மகன் உட்கார்ந்து கேட்டார். அவருடைய பள்ளிக்கூட ஷூவின் பில்லும் அந்தக் கட்டில் இருந்தது.

பேரேடுகளில் இரண்டைப் பெட்டிகளோடு ஒப்பிட்டு முடித்துவிட்டோம். மூன்றாவது பேரேட்டின் தாள்கள் ஈரத்தில் ஒட்டிக்கிடக்கின்றன. இப்போது வாடைக் காற்று, மழைக்காலம், தொடக் கூடாது. மாசி, பங்குனியில் காற்று காய்ந்த பிறகு மெல்லிய எலும்புக் கத்தியால் ஒவ்வொரு தாளாகப் பிரிக்க இருக்கிறோம். தமிழ் எண் வரும் இடங்களை வாசிக்கக் காக்காவும், அரபுத் தமிழை வாசிக்கக் கடைக்காரரின் மனைவியும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பேத்தி ஒருத்தி இரண்டையும் கற்றுக்கொள்கிறாள், அவள்தான் பதிவேட்டில் எழுதுகிறாள்.